இக்போ கிராமத்தில் வள்ளியும் மரவள்ளியும்

தென்கிழக்கு நைஜீரியாவில் இக்போ இன மக்களின் ஊர்களில் வள்ளிக்கிழங்குக்கு (சர்க்கரைவள்ளி அல்ல, ஆங்கிலத்தில் 'யாம்') பெயர் 'ஜி'. அது மரபுப்படி ஆண்களின் பயிர், கௌரவப் பயிர். ஆகஸ்ட் வாக்கில் 'இரி ஜி' என்னும் புதுக்கிழங்கு விழா நடந்து, மூத்தவர் முதல் துண்டை உண்ட பிறகே ஊரார் புதுக்கிழங்கைத் தொடுவார்கள். மரவள்ளிக்கு அப்படி ஒரு விழா இல்லை. பெண்கள் பயிரிட்ட அது, 1918 இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய்க்குப் பின் வேகமாகப் பரவியது.

உழைப்பில் வள்ளிதான் கடினம். மேடு கட்டி, விதைத்துண்டு வைத்து, கொடிக்குக் கொம்பு நட வேண்டும். அறுவடையில் கணிசமான பங்கை அடுத்த விதைக்கே ஒதுக்க வேண்டும். மரவள்ளிக்குத் தண்டுத்துண்டு போதும், கிழங்கு முழுவதும் உணவுக்கே.

சேமிப்பில் நிலைமை தலைகீழ். 'ஓபா' என்னும் நிழற்பந்தலில், நட்ட கம்புகளில் ஒவ்வொன்றாக நிறுத்திக் கட்டினால் வள்ளி மாதக்கணக்கில் நிற்கும். மண்வெட்டி பட்ட கிழங்கைக் கலந்தால் அழுகல் தொற்றும்; முளையைக் கிள்ளாவிட்டால் கிழங்கு வற்றிவிடும். மரவள்ளியைத் தோண்டினால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்துவிடும். ஆனால் மண்ணுக்குள் விட்டுவைத்தால் பல மாதம் தாங்கும், பஞ்சகாலத்தில் இதுவே உயிர் காத்தது. மரவள்ளியின் கசப்பு வகையை மூன்று நான்கு நாள் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சமைக்க வேண்டும்; இல்லாவிட்டால் சயனைடு நஞ்சு தங்கிவிடும். இதில் அவசரமே கூடாது.

கௌரவம் வள்ளிக்கு என்றாலும், அன்றாட வயிற்றை நிரப்புவதில் மரவள்ளிக்கே என் வாக்கு.