ஒரே எண், இரண்டு வீடுகள்: பசுமைச் சான்றிதழுக்கு நான் கொடுத்த 8,400 ரூபாய்

நங்கநல்லூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் சோலார் பலகை வைப்பது குறித்து அசோசியேஷனில் மூன்று கூட்டங்கள் நடந்தும் முடிவு எட்டப்படவில்லை. அந்தச் சலிப்பில் இருந்தபோதுதான், ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கார் நிறுத்துமிடத்தில் மேசை போட்டு அமர்ந்திருந்த இரு இளைஞர்களிடம் நான் ஏமாந்தேன். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளின் படத்தைக் காட்டி, "இனிமே உங்க வீட்டு ஃபேன் இந்தக் காத்துலதான் சார் சுத்தும், பில்லும் குறையும்" என்றார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 600 யூனிட் ஆகிறது. ஆண்டுக்கு 3,600 யூனிட். அதற்கென நான்கு புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ்கள், ஒன்று 1,500 ரூபாய் வீதம் 6,000 ரூபாய். மூன்று டன் கார்பன் கிரெடிட், அதாவது வேறெங்கோ குறைக்கப்பட்ட கரியமில வாயு உமிழ்வை நம் உமிழ்வுக்கு ஈடாகக் காட்டும் சீட்டு, டன்னுக்கு 800 ரூபாய் வீதம் 2,400 ரூபாய். மறுநாளே தங்க நிற ஓரத்துடன் இரண்டு பிடிஎஃப் வந்துசேர்ந்தன. என் பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்ததைத் தவிர அப்போது எனக்கு எதுவும் உறுத்தவில்லை.

அடுத்த ரீடிங்கில் பில் ஒரு பைசாவும் குறையவில்லை; குறையவும் குறையாது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மின்வாரியத்தின் கம்பியில் அனல்மின் நிலையத்தின் மின்சாரமும் காற்றாலையின் மின்சாரமும் கலந்தே வருகின்றன. சான்றிதழ் என்பது மின்சாரம் அன்று; 1,000 யூனிட் பசுமை மின்சாரம் எங்கோ உற்பத்தியானது என்பதற்கு அளிக்கப்படும் தனியான உரிமைச் சீட்டு மட்டுமே. நம் நாட்டில் 2010-இல் தொடங்கிய இந்த ஏற்பாடு, பசுமை மின்சாரத்தைக் கட்டாயமாக வாங்கவேண்டிய மின்பகிர்மான நிறுவனங்களையும் பெரிய நுகர்வோரையும் மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. விரும்பி வாங்குவோர்க்கும் இடமுண்டு என்றாலும், தேசிய மின்சுமை அனுப்புகை மையம் மின்னணு வடிவில் வழங்கும் அந்தச் சான்றிதழ்கள் மின்சாரச் சந்தைகள் வழியாகவோ உரிமம் பெற்ற வணிகர்கள் வழியாகவோதான் கைமாறுகின்றன. 2023-க்குப் பிறகு அங்கே ஒரு சான்றிதழின் விலை ஆயிரம் ரூபாய்க்கும் வெகுவாகக் கீழே வந்திருக்கிறது. எனக்காக வாங்கியதற்கான சான்றைக் கேட்டபோது, எல்லாம் தங்கள் மொத்தக் கணக்கில் இருப்பதாக ஒரு வரி பதில் வந்ததே தவிர, சான்று வரவில்லை.

கார்பன் கிரெடிட்டின் கதை இதைவிட மோசம். மூன்றாம் மாடியில் இருக்கும், வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற மாமி, "உங்களுக்காவது பில் குறைஞ்சுதா?" என்று கேட்டு வந்தார். இருவர் கைப்பேசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வங்கிப் பழக்கமோ என்னவோ, அவர் பெயரைப் பார்க்காமல் நேராக எண்ணைப் பார்த்தார். இரண்டு சான்றிதழிலும் ஒரே வரிசை எண், கடைசி இலக்கம் வரை.

அந்த நீண்ட எண் வெறும் அலங்காரம் அன்று. கார்பன் கிரெடிட்டுகளை வழங்கும் வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு போன்ற அமைப்புகளின் பதிவேடுகளில் ஒவ்வொரு டன்னுக்கும் தனி எண் உண்டு. எங்களுடையதில் நாட்டின் குறியீடு, திட்டத்தின் எண், எந்த ஆண்டில் குறைக்கப்பட்ட உமிழ்வு என்பன எல்லாம் அடங்கியிருந்தன. தொடக்க எண்ணை முடிவு எண்ணிலிருந்து கழித்து ஒன்று கூட்டினால் எத்தனை டன் என்பதும் தெரிந்துவிடும். ஒருவர் பயனுக்காக ஒரு கிரெடிட்டை நிரந்தரமாகக் கணக்கிலிருந்து நீக்குவதை "ரிட்டையர்" செய்வது என்கிறார்கள். அதன் பிறகு அதை யாருக்கும் விற்க முடியாது. பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பணம் கட்டாமல் தேடிப் பார்க்கலாம் என்பதால் அன்று மாலையே தேடினேன். எங்கள் இருவருக்கும் விற்கப்பட்ட அந்த மூன்று டன், வேறொரு மாநிலத்துக் காற்றாலையுடையது. 2021-லேயே ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரில் ரிட்டையர் ஆகிவிட்டது.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியாகிறது. என் 3,600 யூனிட்டுக்கு அது இரண்டரை டன்; அதைத்தான் அவர்கள் மூன்று டன் ஆக்கினார்கள். அந்த யூனிட்டுகளுக்குத்தான் ஏற்கெனவே நான்கு சான்றிதழ் வாங்கியாயிற்றே! இரண்டும் அசலாகவே இருந்திருந்தாலும், ஒரே மின்சாரத்துக்கு இருமுறை காசு கொடுத்திருக்கிறேன். கார்பன் கிரெடிட் வாங்குவதானால் விமானப் பயணம், பெட்ரோல், சமையல் எரிவாயு போன்றவற்றுக்காக வாங்கியிருந்தால் ஓரளவு பொருள் இருந்திருக்கும்.

உங்கள் குடியிருப்பிலும் இப்படி மேசை போட்டால், எந்தப் பதிவேடு, என்ன வரிசை எண் என்று கேளுங்கள். உங்கள் பெயரிலேயே ரிட்டையர் செய்யப்பட்ட பதிவை அந்தப் பதிவேட்டின் தளத்தில் உங்கள் கண்ணால் பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள். அவர்கள் அனுப்பும் படத்தை நம்பவேண்டாம். என்னிடமும் அழகான படம் ஒன்று இருக்கிறது.

மாமியும் நானும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தனித்தனியாகப் புகார் பதிந்திருக்கிறோம். பணத்தைத் திருப்பித் தராமல், "வேறு வரிசை எண் அனுப்புகிறோம்" என்று அந்த நிறுவனம் எழுதியது. சொன்னபடியே நேற்றுப் புதிய எண்ணும் வந்தது. இம்முறை பதிவேட்டில் தேடினால் அப்படி ஓர் எண்ணே இல்லை.