"மாடல் போயிருச்சு" என்று சொல்லி லேப்டாப் விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் ஒரு வீடு. 2019-இல் வாங்கிய லேப்டாப்: இன்டெல் ஐ5-8250யூ, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. டாலி, எக்செல், அசைன்மென்ட், எப்போதாவது ஆன்லைன் வகுப்பு, இவ்வளவுதான் வேலை. ஆன் செய்தால் டெஸ்க்டாப் வர ஆறு நிமிஷம். ஃபேன் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். 2025 ஜூனில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு இறங்கிய கையோடு அம்மாவும் மகளும் டவுனில் ஒரு கடைக்கு அதைத் தூக்கிப் போனார்கள்.

கடைக்காரர் பின்மூடியைக் கழற்றவே இல்லை. பவர் பட்டனை அழுத்தினார், ஒரு நிமிஷம் பார்த்தார். "அக்கா, இது எட்டாவது ஜெனரேஷன். மாடல் போயிருச்சு. பார்ட்ஸும் வராது, அக்டோபரோட விண்டோஸும் நின்னுரும். இதுல இனி அஞ்சு பைசா போடாதீங்க." பழையதற்கு 3,500 ரூபாய் எக்ஸ்சேஞ்ச். மீதிக்குக் கையில் இருந்த வளையல் அடகுக்குப் போனது. 46,990 ரூபாய்க்கு "2025 மாடல், ரைசன் 5, 7000 சீரீஸ்" வீட்டுக்கு வந்தது.

கடைக்காரர் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட நிற்காது. ராம்நாடு, கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் இதே வசனம் பல கடைகளில் ஓடுவதால் விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் பழைய மெஷின். அது மெதுவாக இருந்ததற்குக் காரணம் பிராசசர் இல்லை, உள்ளே சுற்றிக்கொண்டிருந்த 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க். அதில் ஒரு சின்னத் துண்டுத் தகவலை எடுக்க ஊசி நகர்ந்து போய் நிற்கவே 10 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். அப்படியானால் ஒரு செகண்டுக்குச் சுமார் நூறு துண்டுகள்தான். விண்டோஸ் எழுந்து நிற்பதற்கு இப்படிப்பட்ட சின்னத் துண்டுகள் பல்லாயிரம் வேண்டும். சுற்றும் தகடோ ஊசியோ இல்லாத, சிப்பிலேயே தகவலை வைக்கும் எஸ்எஸ்டி ஒரு செகண்டில் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துத் தந்துவிடும். இதில், திறந்து வைத்த வேலைகளைத் தாங்கும் ரேம் வெறும் 4 ஜிபி. குரோமில் நாலு டேப் திறந்ததும் ரேம் நிறையும், மிச்சத்தை விண்டோஸ் அதே ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய்க் கொட்டும். ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவன் தலையில் இன்னொரு மூட்டை.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று சிபியு 20, 30-இல் கிடந்தால் குற்றவாளி டிஸ்க். மெமரி எப்போதும் 85, 90-க்கு மேலே என்றால் ரேம் போதவில்லை. சிபியு 100-இல் நிற்கிறது, ஆனால் அதன் வேகம் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது என்றால் சூடு, இல்லாவிட்டால் சார்ஜர். சில மாடல்கள் சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். கம்பெனி சார்ஜர் மாட்டியதும் சரியாகிற மெஷினைக்கூட "போர்டு போச்சு" என்று கணக்கு முடித்த கதை உண்டு.

அந்த லேப்டாப்பில் ஒரு ரேம் ஸ்லாட் காலி. எம்.2 எஸ்எஸ்டிக்கான இடமும் காலி, அதற்கான திருகுகூடப் போர்டிலேயே இருந்தது. அன்றைய விலைக்கு 8 ஜிபி டிடிஆர்4 ரேம் 1,800, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 3,000, சுத்தம் செய்து, பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மாற்ற 700. மொத்தம் 5,500 ரூபாய். அரை நிமிஷத்துக்குள் எழுந்திருக்கும் மெஷின் கிடைத்திருக்கும். 2025 கடைசியிலிருந்து ரேமும் எஸ்எஸ்டியும் நன்றாகவே விலை ஏறிவிட்டதால் இன்றைய விலையை இரண்டு கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். புது லேப்டாப்புக்குள்ளேயும் அதே சிப்தான் இருக்கிறது, அதன் விலையும் சேர்ந்தே ஏறுகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். எஸ்எஸ்டி வாங்குமுன் அந்த ஸ்லாட் என்விஎம்இ என்ற வேகமான வகையை ஏற்குமா, சாட்டா என்ற பழைய வகை மட்டும்தானா என்று மாடல் மேனுவலில் பார்த்துவிட வேண்டும். அளவும் பார்வையும் ஒன்றாக இருந்தாலும் சாட்டா ஸ்லாட்டில் என்விஎம்இ வேலை செய்யாது.

"விண்டோஸ் நின்னுரும்" என்பது பாதி உண்மையை வைத்துப் பயமுறுத்துவது. 14.10.2025 அன்று விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது, சரி. ஆனால் எட்டாவது ஜெனரேஷன் இன்டெல் விண்டோஸ் 11 பட்டியலிலேயே இருக்கிறது. "டிபிஎம் இல்லை" என்று திரையில் வந்தால், விண்டோஸ் 11 கேட்கும் அந்தப் பாதுகாப்பு வசதி பெரும்பாலும் பயாஸில் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் செட்டிங்) அணைந்து கிடக்கும். இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருப்பதை எனேபிள் செய்து, அங்கேயே 'செக்யூர் பூட்' என்பதையும் ஆன் செய்தால் முடிந்தது. இரண்டு நிமிஷ வேலை. ஏழாவது ஜெனரேஷனும் அதற்கு முந்தியதும்தான் உண்மையில் மாட்டிக்கொண்டவை. அவற்றுக்கும் 13.10.2026 வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்துகொள்ள வழி உண்டு. பிரவுசர், டைப்பிங் மட்டும் போதும் என்பவர்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் இருக்கிறது.

இப்போது அந்தப் "புது" மெஷின். கைவைக்கும் இடத்து ஸ்டிக்கரில் ரைசன் 5 7520யூ. 2023 வரிசையிலிருந்து ஏஎம்டி வைத்த இந்த நான்கு இலக்கப் பெயரில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கட்டமைப்பைச் சொல்லும். 7520-இல் அது 2, அதாவது ஜென் 2, 2019-இல் வெளிவந்த கட்டமைப்பு. பிராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதியான கோர் நான்கே நான்கு. 7530யூ என்றால் ஜென் 3, ஆறு கோர். 7640யூ என்றால் ஜென் 4. வெளியே எல்லாம் "ரைசன் 5, 7000 சீரீஸ்". அந்த 7520யூ, 8250யூவைவிட வேகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. டாலிக்கும் எக்செலுக்கும் அந்த வேகம் கண்ணில் படாது. கண்ணில் பட்ட வேகமெல்லாம் எஸ்எஸ்டியின் வேகம். அதைவிடப் பெரிய வில்லங்கம், இந்த பிராசசரோடு வரும் ரேம் போர்டிலேயே சால்டர் செய்தது, அதாவது பற்றவைத்தது, கழற்ற முடியாது. 8 ஜிபி வாங்கினால் ஆயுளுக்கும் 8 ஜிபி. பழையதில் 12 ஜிபி ஆக்கியிருக்கலாம்.

இன்டெல் பக்கமும் இதே விளையாட்டுதான். ஐ5-1235யூ, ஐ5-1335யூ, கோர் 5 120யூ, மூன்றிலும் பெரிய கோர் 2, சின்னக் கோர் 8, பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரியான கேஷ் 12 எம்பி. உச்ச வேகம் மட்டும் 4.4, 4.6, 5.0 கிகாஹெர்ட்ஸ் என்று ஏறும். ஒவ்வொரு ஜனவரியும் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் புது நம்பர் வருகிறது, வந்த கையோடு இங்கே பழைய நம்பருக்கு இறுதிச் சடங்கு நடக்கிறது. ஐ5-7200யூவிலிருந்து ஐ5-8250யூ போனபோது இரண்டு கோர் நான்கானது, 2017-இல். அதை வாங்கியவர் உணர்ந்திருப்பார். 1235-இலிருந்து 1335 போனதை ஸ்டிக்கரைப் பார்த்தால்தான் தெரியும். வீட்டு வேலைக்கும் கல்லூரி வேலைக்கும் வருஷா வருஷம் வருகிற புது மாடல் தேவையே இல்லை. ஆறேழு வருஷத்துக்கு ஒருமுறை யோசித்தால் தாராளம். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், வீடியோ எடிட்டிங் என்று போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. "ஏஐ லேப்டாப்" என்று தலையில் கட்டப் பார்த்தாலும் இதையே நினைவில் வையுங்கள். பிரவுசரில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் ஏஐ எங்கோ இருக்கும் சர்வரில் ஓடுகிறது, அதற்கு உங்கள் பழைய லேப்டாப்பே போதும்.

ஏமாற்று இதோடு நிற்கவில்லை. அட்டைப் பெட்டியில் ஒட்டியிருந்த சீரியல் நம்பர் ஒன்று, லேப்டாப்பின் அடியில் இருந்தது வேறொன்று. பில்லில் "லேப்டாப் - 1" என்று மட்டும் எழுதியிருந்தது, சீரியல் நம்பரே இல்லை. அடியில் இருந்த நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டால் வாரன்டி 2024 நவம்பரிலேயே தொடங்கியிருந்தது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், எஸ்எஸ்டி 1,900 மணி நேரம் ஓடியதாகக் காட்டியது. விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் சார்ஜ் சுழற்சி வெறும் 22, ஆனால் முழுக் கொள்ளளவு ஒன்பது சதவீதம் குறைந்திருந்தது. மணி நேரம் அதிகம், சுழற்சி குறைவு என்றால் சார்ஜரிலேயே ஏழு மாதம் கடையில் ஓடிக்கொண்டிருந்த டிஸ்ப்ளே பீஸ். இதெல்லாம் தெரிந்தது டிசம்பரில். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த நேரம், சார்ஜ் ஏறவில்லை என்று சர்வீஸ் சென்டருக்குப் போனபோது "வாரன்டி போன மாசமே முடிஞ்சிருச்சு" என்றார்கள். முடியாமல் இருந்தாலும் கிடைத்திருக்காது. சார்ஜிங் ஜாக்கின் அடியில் பச்சை பூத்திருந்தது. அரிப்புக்கு வாரன்டி பொதுவாகச் செல்லாது. போர்டு மாற்ற 21,000 கேட்டார்கள்.

அந்தப் பச்சை நம் கரைக்கே உரியது. காற்றோடு வரும் உப்புத் தூள், காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். பாம்பன், ராமேஸ்வரம், தொண்டி, வாலிநோக்கம் பக்கம் ராத்திரியில் அந்த ஈரம் சாதாரணம். ஃபேன் அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. மதுரையிலிருந்து வரும் லேப்டாப்பைத் திறந்தால் ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் தகடான ஹீட்சிங்குக்கும் நடுவே பஞ்சு மாதிரி உலர்ந்த தூசு இருக்கும், ஊதினால் பறக்கும். இங்கே அது ஈரப் புண்ணாக்கு மாதிரி அப்பிக்கொண்டிருக்கும், அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். கம்ப்ரஸரால் ஊதினால் உப்பு போர்டுக்குள்தான் போய்ச் சேரும். முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். பிறகு ஃபேனைத் தனியே எடுத்து, 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த மென்மையான பிரஷ்ஷால் போர்ட்டுகளையும் ரிப்பன் கனெக்டர்களையும் தேய்த்து, அரை மணி நேரம் காயவிட வேண்டும். கைகழுவும் சானிடைசர் கூடாது, அதில் தண்ணீர் இருக்கிறது. தெர்மல் பேஸ்ட் ஒரு பயறு அளவு போதும். ஹீட்சிங் திருகுகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும், அந்த வரிசையில்தான் இறுக்க வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை இதைச் செய்துகொள்வது நல்லது. லீவில் மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிட்டால் அந்தச் சூட்டிலேயே ஈரம் போகும். ஜன்னலோர மேஜை வேண்டாம்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் துபாயிலிருந்து வரும் செட்டுகளுக்கும் ஒரு வார்த்தை. வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று சீரியல் நம்பரைப் போட்டுப் பார்த்த பிறகு மச்சானிடம் காசு கொடுங்கள். கீபோர்டில் அரபி எழுத்து இருப்பது குறை இல்லை.

புதிது வாங்கியே தீர வேண்டும் என்றால் காசு கொடுக்குமுன் கடையிலேயே பெட்டியின் சீல், அடியில் உள்ள சீரியல், பில்லில் எழுதும் சீரியல், கம்பெனி தளத்தில் வாரன்டி தேதி, நான்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். "ரேம் ஸ்லாட் காலியா, சால்டரா?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் வேறு கடை. சீரியல் நம்பர் உள்ள பில் தர மறுத்தால் கிளம்பிவிடுங்கள், பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் திருப்பி வாங்கும் கெடு எழுதாவிட்டால், பழுதான பொருளைத் திருப்பி எடுக்க 30 நாள் அவகாசம் அதே சட்டத்தில் உண்டு. 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரை வைத்தே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தங்கச்சிமடத்துக்காரர்கள் பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் இரண்டு சீரியலும் போட்டோவோடு இப்போது மனுவில் இருக்கின்றன.

சர்வீஸ் சென்டரிலிருந்து திரும்பும் வழியில் அதே கடையில் ஒரு லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. "ரீஃபர்பிஷ்டு ஐ5, எஸ்எஸ்டி, 16,500." மூடியில் மாதா ஸ்டிக்கர் உரித்த தடம், நாலு மூலையும் பசையோடு. அவர்கள் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்த அதே பழைய மெஷின், ஸ்டிக்கரை ஒட்டிய மகளுக்குத் தெரியாதா. அவர்களது ஹார்ட் டிஸ்க் எங்கே என்று கேட்டதற்குக் கடையில் பதில் இல்லை. அதில் வீட்டார் நான்கு பேரின் ஆதார், பேங்க் பாஸ்புக் ஸ்கேன், படகு பதிவுச் சான்று எல்லாம் இருந்தன.

எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுப்பதானால் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு கொடுங்கள். பின்மூடியைத் திறந்தால் டிஸ்க் பிராக்கெட்டில் பெரும்பாலும் நாலு திருகு, ஒரு கேபிள். டிஸ்க் இல்லாமல் எடுக்க மாட்டோம் என்றால் அதற்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். ஆறு வருஷம் ஓடிய ஹார்ட் டிஸ்க்குக்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் யாரும் குறைக்க முடியாது.