பங்களா மேசைக் கால் என்று யாராவது மரம் விற்றால், வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோவையில் வீட்டு மாடியில் ஒரு அறையை வைத்துக்கொண்டு கிட்டார் செய்கிறேன். வருஷத்துக்கு ஏழெட்டுக்கு மேல் முடியாது. போன வருஷம் 'நூறு வருஷப் பழைய மகோகனி' என்று இரண்டு கட்டைகளை 22,000 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்தேன். விற்றவர் பெயரைப் போடவில்லை. கையில் பில் இல்லை, பில் இல்லாமல் பெயர் போட்டால் மாட்டப்போவது நான்தான். ஆனால் அவர் எப்படி விற்கிறார் என்று சொல்லிவிட்டால் ஆளைக் கண்டுபிடிப்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது.

பெங்களூரில் இருக்கும் ஒரு பெரியவர் ஆர்டர் கொடுத்தார். சர்ச்சில் நாற்பது வருஷமாக வாசிப்பவர். அவருக்கு வேண்டியது 1930 வாக்கில் வந்த ஓஎம் (ஆர்கெஸ்ட்ரா மாடல்) மாதிரி ஒரு கிட்டார். அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1929-ல் கொண்டுவந்த மாடல் அது. பாடிக்கு வெளியே 14 ஃப்ரெட் (விரல் வைக்கும் இடத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை), கொஞ்சம் அகலமான நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பட்டை), விரலால் வாசிப்பவர்களுக்கு அவ்வளவு வாகானது. நாலைந்து வருஷத்தில் அந்தப் பெயரையே நிறுத்திவிட்டார்கள், அதனாலேயே பழசுக்கு அப்படி ஒரு மவுசு. அவர் கேட்ட வகையில் பின்பக்கமும் பக்கவாட்டும் பிரேசில் ரோஸ்வுட். 1992-லிருந்து அந்த மரத்தை நாடு விட்டு நாடு வியாபாரம் செய்யக்கூடாது. அதற்கு ரொம்ப முன்னாலேயே, 1969-ல், மார்ட்டினே நம்ம ஊர் ஈட்டிக்கு (இந்திய ரோஸ்வுட்) மாறியாகிவிட்டது. அதனால் எனக்கு அதில் சிக்கல் இல்லை. முறையாக பில்லோடு வாங்கிய ஈட்டி என் அறையில் ஐந்து வருஷமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

பெரியவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். நெக்குக்குள், அதாவது கிட்டாரின் கழுத்துக்குள், ட்ரஸ் ராடு என்கிற திருகும் இரும்புக் கம்பி கூடாது.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏமாந்த கதை இதில்தான் தொங்குகிறது. ஆறு ஸ்டீல் கம்பிகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. இப்போது வரும் கிட்டார்களில் நெக் வளைந்தால் ராடைத் திருகி நிமிர்த்திவிடலாம். பழைய மார்ட்டின்களில் அந்த வசதி கிடையாது. முதலில் கருங்காலிப் பட்டை, 1934 முதல் இரும்புப் பட்டை, திருகும் ராடு வந்ததே 1985-ல்தான். அதாவது பழைய முறையில் செய்தால் நெக்குக்கு மரமே கதி. மரம் அசைந்தால், அதாவது காய்ந்து சுருங்கி வளைந்தால், திருத்த வழியில்லை.

அதனால்தான் 'இனி அசையாத' மரமாகத் தேடினேன். அப்போதுதான் இந்த ஆள் கிடைத்தார். பழைய வீட்டுச் சாமான் வாங்கி விற்பவர். குன்னூரில் வெள்ளைக்காரர் பங்களா ஒன்றை இடித்தார்களாம், அதிலிருந்த சாப்பாட்டு மேசையின் கால்களாம். பங்களா போட்டோ, மேசை போட்டோ எல்லாம் அனுப்பினார். நாலுக்கு நாலு அங்குலக் கட்டை, இரண்டரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நெக்குக்கு அளவெடுத்த மாதிரி.

“அண்ணா, இந்த மரம் இனி அசையவே அசையாது. அசைய வேண்டியதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்திலேயே அசைஞ்சு முடிஞ்சுது” என்றார். அந்த வசனத்துக்கே பாதிப் பணம் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அதை அப்படியே பெரியவரிடமும் ஒப்பித்தேன். அவர் சந்தோஷப்பட்டு, கேட்காமலேயே இன்னொரு 10,000 அனுப்பினார்.

பணம் வேறு யாருடைய கணக்குக்கோ போனது. பில் கேட்டதற்கு “பழைய சாமானுக்கு ஏதுண்ணா பில்” என்றார். சரி என்று விட்டேன்.

ஆடி மாதம் பார்சல் வந்தது. பிளாஸ்டிக் ஷீட்டை இறுக்கமாகச் சுற்றி, இரண்டு முனையிலும் மெழுகு பூசியிருந்தது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முனையில் மெழுகு பூசுவது பச்சை மரத்துக்கு. ஈரம் முனை வழியாக வேகமாக வெளியேறினால் வெடிக்கும், அதைத் தடுக்கத்தான் மெழுகு. நூறு வருஷம் சாப்பாட்டு அறையில் நின்ற மேசைக் காலுக்கு எதற்கு மெழுகு? பத்திரமாக அனுப்பியிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் என்னிடம் இருக்கிறது. வைத்தும் பார்த்தேன். 10 சதவீதம் காட்டியது. ஆனால் அதன் ஊசி நாலைந்து மில்லிமீட்டர்தான் இறங்கும். கட்டையின் மேல்தோல் எப்போதும் முதலில் காய்ந்துவிடும், நடுவில் என்ன இருக்கிறது என்று அந்த ஊசிக்குத் தெரியாது. பாதியாக அறுத்த பிறகு உள்முகத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

இழைப்புளி போட்டபோது சுருள் நீளமாக, உடையாமல், மெத்தென்று வந்தது. கையில் எடுத்தால் லேசாகக் குளிர்ந்தது. நன்றாகக் காய்ந்த பழைய மகோகனி அப்படி வராது, நொறுங்கி நொறுங்கி விழும். எனக்கு இது தெரியும். தெரிந்தும், என்ன அருமையான மரம் என்று அந்தச் சுருளைப் போட்டோ எடுத்துப் பெரியவருக்கு அனுப்பினேன்.

டிசம்பரில் கிட்டாரைப் பெங்களூருக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சத்தம் நன்றாகவே இருந்தது. அன்றைக்கு 12-வது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

மார்ச்சில் போன் வந்தது. “தம்பி, சொல்லச் சங்கடமா இருக்கு. மேல போகப் போகக் கையைக் கடிக்குது” என்றார். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் என்றால் காற்று எவ்வளவு வறண்டு கிடக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். போய்ப் பார்த்தேன். தடிமனான கம்பிப் பக்கம் நாலு மில்லிமீட்டர் தாண்டிவிட்டது. மெல்லிய கம்பிப் பக்கம் மூன்று ஃப்ரெட்டில் கரகரப்பு. பாடியின் அடியிலிருந்து நெக்கைக் கண்ணால் நீட்டிப் பார்த்தால், பிழிந்த துணி மாதிரி முறுக்கியிருக்கிறது. வெறும் வளைவு என்றால் நெக்கின் மேல் ஒட்டியிருக்கும் ஃபிங்கர்போர்டைச் சீவிச் சமாளிக்கலாம். முறுக்கை ஒன்றும் செய்ய முடியாது. நெக் பாடியோடு சேரும் இடத்தில் விசிட்டிங் கார்டு நுழைந்தது.

ஊருக்கு வந்து முதல் வேலையாக, பிரிக்காமல் வைத்திருந்த இரண்டாவது கட்டையை எடுத்தேன். நடுவாக அறுத்து, உள்ளிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்து, சமையலறைத் தராசில் வைத்தேன். 48 கிராம். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே ஓடிஜி அடுப்பில் நூறு டிகிரியில் வைத்து, எடை இனிக் குறையாது என்கிற வரை மணிக்கு ஒரு முறை எடுத்து எடுத்து நிறுத்தேன். ராத்திரி பதினொன்றுக்கு 40 கிராமில் நின்றது. குறைந்த எட்டை நாற்பதால் வகுங்கள், 20 சதவீதம். நெக்குக்கு எடுக்கும் மரத்தில் 8 இருக்கலாம், மிஞ்சினால் 10. எத்தனையோ மாதம் பிளாஸ்டிக்குக்குள் கிடந்த பிறகே இந்தக் கதி என்றால், வெட்டி எவ்வளவு நாளான மரம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் அந்தத் துளையைக் கவனித்தேன். மேசைச் சட்டம் வந்து சொருகும் இடம் என்று காலின் மேல்பக்கம் ஒரு சதுரத் துளை இருந்தது. பழைய மேசையில் அதற்குள் பசை காய்ந்து ஒட்டியிருக்கும், அழுக்கு கறுத்துப்போயிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன். உளி பட்ட தடம் பளிச்சென்று, நேற்று வெட்டிய மாதிரி வெளிறிக் கிடந்தது. வெளியே மட்டும் ஏதோ கறுப்புச் சாயம். மேசைக் காலே இல்லை அது. மேசைக் கால் மாதிரி காட்டுவதற்காகத் துளை போட்ட பச்சைக் கட்டை.

அவருக்குப் போன் செய்தேன். முதலில் பெங்களூர் கிளைமேட் என்றார். அடுத்த நாள், எனக்கு வேலை தெரியவில்லை என்றார். எடை போட்ட படத்தை அனுப்பியதும் பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டேன். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். சைபர் மோசடிக்கு 1930 என்று ஒரு எண் இருக்கிறது. (பெரியவர் கேட்ட ஓஎம் கிட்டாரின் வருஷமும் அதுவே. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.) அங்கே புகார் பதிவானது, அதோடு நிற்கிறது.

பெரியவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. “மரத்துக்கு வயசு சொன்னது நீங்கதானே தம்பி” என்று மட்டும் கேட்டார். அவர் கூடுதலாகத் தந்த 10,000-ஐ அன்றைக்கே திருப்பி அனுப்பினேன்.

நெக்கைப் பழைய முறைப்படி வஜ்ஜிரப் பசை வைத்து ஒட்டியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. 15-வது ஃப்ரெட்டைக் கழற்றி, சின்ன ஓட்டை போட்டு, ஊசி வழியாக நீராவி விட்டேன். கால் மணி நேரத்தில் மூட்டு இளகிக் கையோடு வந்துவிட்டது. எபாக்ஸிப் பசை போட்டிருந்தால் பாடியையும் உடைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். மர டிப்போவில் பில்லோடு வாங்கி மூன்று வருஷம் அடுக்கி வைத்திருந்த சாதாரண மகோகனியில் புது நெக் செய்தேன். ஃபிங்கர்போர்டும் புதிது. ஆறு வாரக் கூலி, மரம், போக்குவரத்து எல்லாம் என் கணக்கில். ராடு வைத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். இப்போதும் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

இதைத் தெரிந்தவர்களிடம் சொன்னபோது, சென்னையில் ஒரு நண்பரும் அதே போட்டோவைப் பார்த்து இரண்டு கால் வாங்கியிருப்பது தெரிந்தது. கொச்சியில் ஒருவர் நாலு. என்னுடைய இரண்டையும் சேர்த்தால் அந்த ஒரு மேசைக்கு இதுவரை எட்டுக் கால். போன வாரம் அதே மேசைப் படத்தோடு மறுபடி விளம்பரம் போட்டிருக்கிறார். பங்களா மட்டும் இப்போது ஏற்காட்டுக்கு மாறிவிட்டது. ஏற்கெனவே வாங்கி, இன்னும் செதுக்காமல் யாராவது வைத்திருந்தால், நடுவில் ஒரு துண்டு அறுத்து எடை போட்டுப் பார்த்துவிட்டு உளியை எடுங்கள்.