ஸ்பீட்மாஸ்டரா எல் ப்ரிமெரோவா: ரெண்டு மாசம் மாத்திக் கட்டிப் பார்த்தோம்

என்கிட்ட இருக்கறது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ப்ரொஃபஷனல், ஹெசலைட் கண்ணாடி போட்டது, உள்ள ஓடறது 2021ல வந்த 3861 மெஷின். மச்சான்கிட்ட இருக்கறது ஜெனித் க்ரோனோமாஸ்டர் ஒரிஜினல், அதுவும் 2021 மாடல்தான், உள்ள எல் ப்ரிமெரோ 3600 மெஷின். ரெண்டுமே க்ரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் மாதிரி நேரம் அளக்கவும் முடியற வாட்ச். எது ஒசத்தின்னு போன்லயே சண்டை போட்டு ரெண்டு பேருக்கும் அலுத்துப்போச்சு, கடைசில அவரே "மாப்ள, ரெண்டு மாசம் மாத்திக்கலாம், கட்டிப் பாத்துட்டு அப்புறம் வாயைத் திற"ன்னுட்டாரு. சரின்னு மாத்திக்கிட்டோம். அதுல தெரிஞ்சதைத்தான் சொல்றேன், என் வாட்ச்சு மேல எனக்குப் பாசம் இருக்கும்கறதையும் கணக்குல வச்சுக்கிட்டே படிங்க.

பேப்பர்ல பாத்தா ஜெனித் கையில பாதி விஷயத்துல ஒமேகா தோத்துடும். ஜெனித் ஆட்டோமேட்டிக், கட்டிக்கிட்டுத் திரிஞ்சாலே ஸ்பிரிங் ஏறிக்கும், கழட்டி வச்சா 60 மணி நேரம் ஓடும். என்னோடதுக்கு கையால சாவி குடுக்கணும், முழுசா குடுத்தா 50 மணி நேரம். ஜெனித் ஒரு செகண்டுக்கு 10 தடவை துடிக்கும், மணிக்கு 36,000. ஒமேகா 6 தடவைதான், மணிக்கு 21,600. அதாவது ஜெனித்தால செகண்டை பத்தாப் பிரிச்சுக் காட்ட முடியும், ஒமேகாவால ஆறாத்தான் முடியும். காதுல வச்சுக் கேட்டாலே வித்தியாசம் தெரியுது, ஒமேகா நிதானமா டிக் டிக்குன்னு போகுது, ஜெனித் என்னமோ அவசரமா மெல்லுற மாதிரி ஒரே இரைச்சல்.

சாவி குடுக்கறது சிலருக்குத் தொல்லை, எனக்கு அப்படித் தோணல. காலையில எழுந்ததும் கிரவுனை, அதான் பக்கவாட்டுல இருக்கற திருகை, திருப்புறது, ஒரு கட்டத்துல டக்குன்னு இறுகி நின்னுடும், அதோட போதும், அதுக்கு மேல பலம் காட்டக்கூடாது. ஜெனித் கட்டுன முதல் வாரம் பூரா காலையில கை தானா கிரவுனுக்குப் போய் ஏமாந்து திரும்புச்சு. ஆனா ஒண்ணு, நாலஞ்சு வாட்ச் வச்சிருந்து மாத்தி மாத்திக் கட்டுறவங்களுக்கு ஆட்டோமேட்டிக்கோட வசதி பாதி போயிடும், எடுக்கறப்ப எப்படியும் நின்னுபோயிருக்கும், நேரம் வைக்கணும், ஜெனித்துல தேதி வேற வைக்கணும்.

இப்ப முக்கியமான மேட்டருக்கு வரேன். க்ரோனோகிராஃப் வாங்குறோம்னா அதுல நேரம் அளக்கணும்ல? இதை யாரும் பேசவே மாட்டேங்கறாங்க, எல்லாரும் டயல் கலரைப் பத்தியே பேசறாங்க.

ஜெனித்துல பட்டனை அமுக்குனதும் நடுவுல இருக்கற பெரிய முள் பறக்குது, பத்து செகண்டுல ஒரு முழுச் சுத்து. முதல் தடவை பாத்தப்ப நெஜமாவே வாயைப் பொளந்தேன், மெக்கானிக்கல் வாட்ச்சுல இப்படி ஒண்ணைப் பாத்ததே இல்ல. ஆனா நிறுத்தினதுக்கு அப்புறம் படிக்கணுமே. பையன் கிரவுண்டுல ரெண்டு ரவுண்டு ஓடினான், நிறுத்திப் பாத்தா 6 மணி இடத்துல இருக்கற குட்டி டயல்ல 3 நிமிஷம், 3 மணி இடத்துல இருக்கறதுல 47ம் 48ம் நடுவுல ஏதோ, நடு முள் 7.6ல. மூணையும் கூட்டி 3 நிமிஷம் 47.6 செகண்டுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள பையன் தண்ணி குடிச்சிட்டு வந்து "எவ்ளோப்பா"ன்னு நிக்கறான். பழகினா வேகமா வரும்தான், ஒரு மாசத்துல எனக்கும் வந்துச்சு. ஒமேகால நடு முள் 60 செகண்டுக்கு ஒரு சுத்து, செகண்டு அங்கயே இருக்கு, நிமிஷம் 3 மணி குட்டி டயல்ல, ஒரே பார்வையில முடிஞ்சுபோச்சு.

அந்த பத்துல ஒரு பங்குக்கும் என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க. பையன் கோட்டைத் தாண்டுறதைக் கண்ணு பாத்து, மூளைக்குச் சொல்லி, விரல் அமுக்கறதுக்குள்ளயே ரெண்டு பங்கு போயிடுது. அன்னிக்கு 100 மீட்டர் ஓட்டத்தை ஜெனித்துல நான் அளந்தா 15.3, பக்கத்துல பி.டி. வாத்தியார் கையில இருந்த டிஜிட்டல் ஸ்டாப்வாட்ச்சுல 15.6. வாட்ச்சு மேல தப்பில்ல, விரல்தான் தப்பு. ஆக அந்தப் பத்துல ஒரு பங்கு துல்லியம் அளக்கறதுக்கு இல்ல, ரசிக்கறதுக்கு. ரசிக்க நல்லாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன், மீட்டிங்குல சும்மா அமுக்கி விட்டு முள் பறக்கறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த ஆளு நான்.

இன்னொரு விஷயம், ஜெனித்துல மணி கவுன்ட்டர் கிடையாது. நிமிஷ கவுன்ட்டர் 60 வரைக்கும், அப்புறம் திரும்ப ஒண்ணுல இருந்து. ஒமேகால நிமிஷ கவுன்ட்டர் 30தான், ஆனா கீழ 12 மணி நேர கவுன்ட்டர் தனியா இருக்கு. ரயில் ஏறினதும் அமுக்கிட்டு இறங்கறப்ப பாத்தா 5 மணி 20 நிமிஷம்னு காட்டும். நம்ம வாழ்க்கையில அளக்கறது பெரும்பாலும் இந்த மாதிரிதானே, பயணம், பார்க்கிங், எவ்ளோ நேரம் தூங்கினோம்கறது. இங்க என் ஓட்டு சந்தேகமே இல்லாம ஒமேகாவுக்கு.

பட்டன் அமுக்கற சொகத்துல ஜெனித்தான். அதுல காலம் (column) வீல், அதாவது தூண் தூணா நிக்கற சக்கரம், க்ரோனோவை ஓட்டுது நிறுத்துது, பட்டன் வெண்ணெய்ல கத்தி இறங்கற மாதிரி இறங்குது. ஒமேகால அந்த வேலையை கேம்னு ஒரு தகடு பாக்குது, கொஞ்சம் முரட்டு டக்கு. 1957ல ஸ்பீட்மாஸ்டர் வந்தப்ப இருந்த 321 மெஷின்ல காலம் வீல்தான் இருந்துச்சு, 1968ல 861 வந்தப்ப கேமுக்கு மாத்தினாங்க, செய்யவும் சரி பாக்கவும் சுலபம்னு. கேம்னா மட்டம்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, வருஷக்கணக்கா அடி தாங்கின டிசைன் அது.

கதைன்னு வந்தா ரெண்டுமே சளைச்சதில்ல. ஸ்பீட்மாஸ்டர் நிலாவுக்குப் போன கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா ஸ்பீட்மாஸ்டர் செஞ்சது என்னவோ கார் ரேஸுக்கு, டாக்கிமீட்டரை, அதாவது வேகத்தைக் கணக்குப் போடற அளவுகோலை, டயல்ல இருந்து வெளி வளையத்துக்கு நகர்த்தினதே ரேஸ்காரங்க படிக்கத்தான். அப்புறம் நாசா வெயில்ல வறுத்து குளிர்ல போட்டு குலுக்கிப் பாத்துட்டு 1965 மார்ச் 1ம் தேதி விண்வெளிக்கு ஓகே சொல்லுச்சு. அப்போலோ 11ல ஆம்ஸ்ட்ராங் தன்னோடதை கலத்துக்குள்ளயே விட்டுட்டுத்தான் இறங்கினாரு, உள்ள இருந்த டைமர் பழுதாயிடுச்சுன்னு, நிலா மேல கட்டியிருந்தது ஆல்ட்ரின். எனக்குப் பிடிச்சது 1970 அப்போலோ 13தான். வண்டி பாதி செத்துப்போன நிலைமையில பாதையைத் திருத்த 14 செகண்டு இன்ஜினை எரிக்கணும், அதுல போன வீரர் ஸ்விகர்ட் அதைக் கையில இருந்த ஸ்பீட்மாஸ்டரை வச்சு அளந்தாரு. அங்க பத்துல ஒரு பங்கு இல்லாமலே உயிர் பொழைச்சாச்சுன்னு மச்சான்கிட்ட சொல்லிக் காட்டினேன், மனுஷன் பேசவே இல்ல.

ஆனா ஜெனித் கதை கேட்டா எனக்கே மனசு இளகும். 1969 ஜனவரி 10ல எல் ப்ரிமெரோவை அறிவிச்சாங்க, பேருக்கு அர்த்தமே முதலாவதுன்னு, அதே வருஷம் ஹாயர், ப்ரைட்லிங் கூட்டணியும் சீகோவும் ஆட்டோமேட்டிக் க்ரோனோ கொண்டு வந்ததால யாரு மொதல்லங்கற பங்காளிச் சண்டை இன்னைக்கும் ஓயல. அப்புறம் பேட்டரில ஓடற க்வார்ட்ஸ் வாட்ச் வந்து எல்லாத்தையும் சாச்சுது. 1975ல கம்பெனியோட அமெரிக்க முதலாளிங்க மெக்கானிக்கலை நிறுத்து, டூல்ஸை எல்லாம் வித்துடுன்னுட்டாங்க. சுவிட்சர்லாந்து லெ லோக்ல் ஃபாக்டரில வேலை பாத்த ஷார்ல் வெர்மோன்னு ஒருத்தர், சொல் பேச்சு கேக்காம கமுக்கமா அச்சு, கட்டர் எல்லாத்தையும் பரண்ல தூக்கி ஒளிச்சு வச்சு எது எதுக்குன்னு நோட்டுல எழுதியும் வச்சுட்டாரு. அந்தாளு மட்டும் மேலதிகாரிக்கு நல்ல பிள்ளையா இருந்திருந்தா இன்னைக்கு இந்த மெஷினே இல்ல. ரோலெக்ஸே 1988ல இருந்து 2000 வரைக்கும் டேடோனாங்கற அவங்க க்ரோனோவுக்குள்ள இதே எல் ப்ரிமெரோவைத்தான் மாத்தி, துடிப்பை 28,800க்குக் குறைச்சு வச்சிருந்தாங்க. டேடோனாவை ஏன் இந்த அலசல்லயே சேர்க்கலன்னா, கடையில போய்க் கேட்டா வெயிட்டிங்ல பேர் எழுதிட்டு அனுப்பிடறாங்க, கையில கிடைக்காததை ஒப்பிட்டு என்ன பண்ண.

கண்ணாடி பத்தி. ஹெசலைட்னா ஒரு வகை பிளாஸ்டிக், கீறல் விழும், வாங்கின மூணாம் நாளே கதவு நிலைல தேச்சு ஒரு கோடு போட்டேன், அன்னிக்கு சோறு இறங்கல. அப்புறம் பல் தேய்க்கற பேஸ்டைத் துளி வச்சு துணியால பத்து நிமிஷம் வட்டமாத் தேச்சா கோடு போயே போச்சு. ஜெனித்துல சஃபையர், லேசுல கீறாது, ஆனா ஓங்கி அடிபட்டா சில்லு சில்லாப் போகும், ஹெசலைட் அப்படி நொறுங்காது. அதுக்காக ஹெசலைட்னா இரும்புன்னு நினைக்க வேணாம், 1971ல அப்போலோ 15ல டேவ் ஸ்காட் கட்டியிருந்ததுல கண்ணாடியே கழண்டு போய், அடுத்த தடவை நிலால நடக்க அவர் வேற வாட்ச் கட்டிக்கிட்டாரு. கீறல் பாத்தா தூக்கம் வராத ஆளுன்னா ஸ்பீட்மாஸ்டர்லயே சஃபையர் மாடல் இருக்கு, பின்பக்கமும் கண்ணாடி, மெஷின் தெரியும்.

சைஸ் பாத்தா ஜெனித் 38 மில்லி, ஒமேகா 42. சின்ன மணிக்கட்டுக்கு ஜெனித் அப்படியே ஒட்டிக்கும். ஆனா ஒமேகாவோட காது, அதான் பட்டை மாட்டற இடம், கீழ வளைஞ்சு இறங்கறதால 42ன்னு தெரியாது, போட்டுப் பாக்காம நம்பரை வச்சு முடிவு பண்ணாதீங்க. ரெண்டும் 50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்தான், கை கழுவலாம் மழையில நனையலாம், நீச்சலுக்கு ரெண்டும் வேணாம். காந்தத்துக்கு ஒமேகா கெட்டி, 15,000 காஸ் (காந்த பலத்தோட அளவு) வரைக்கும் தாங்கும்னு டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பறாங்க, நாளைக்கு 0ல இருந்து 5 செகண்டு முன்னாடி போகலாம், பின்னாடி போகக்கூடாதுங்கறதும் அதே டெஸ்ட்லதான். என்னோடது ரெண்டு செகண்டு முன்னாடி போகுது.

ஜெனித் டயலோட மூணு கலர், சாம்பல் நீலம் கரும்சாம்பல், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கறது அழகோ அழகு, சாயங்கால வெளிச்சத்துல கழட்ட மனசு வராது. அந்த 4க்கும் 5க்கும் நடுவுல சாஞ்சு நிக்கற தேதி ஜன்னல் மட்டும் எனக்கு ஆகல. மச்சானுக்கு அது இல்லாத வாட்ச் வாட்ச்சே இல்லையாம்.

சர்வீஸ் செலவு ரெண்டுக்குமே சாதா வாட்ச்சைவிட ஜாஸ்தி, க்ரோனோல பார்ட்ஸ் அதிகம், பிரிச்சுக் கோக்க நேரம் பிடிக்கும். யானையை வாங்கிட்டு அங்குசத்துக்குக் காசில்லாத கதை ஆகாம இதையும் சேத்தே கணக்குப் போடுங்க. ஸ்பீட்மாஸ்டர் மெஷின் 861ல இருந்து ஒரே வம்சம்கறதால அதைப் பிரிச்சுப் பழகின கைகள் அதிகம், இது ஒமேகாவுக்கு ஒரு பெரிய பிளஸ்.

ஆக ஒரே ஒரு வாட்ச்தான், தினமும் கட்டணும், நிஜமா நேரம் அளக்கணும்னா ஸ்பீட்மாஸ்டர். ஏற்கனவே ரெண்டு மூணு வச்சிருக்கீங்க, மெஷின் வேலைப்பாடு பாத்து மயங்கற ஆளு, மணிக்கட்டு சின்னதுன்னா கண்ணை மூடிக்கிட்டு ஜெனித். மச்சானை இன்னும் என்னால ஒத்துக்க வைக்க முடியல, அவர் பாட்டுக்கு ஜெனித்தான் மெஷின், உன்னோடது வெறும் கதைங்கறாரு.

செகண்ட் ஹேண்ட் பாக்கறவங்களுக்கு ஒண்ணு. ஸ்பீட்மாஸ்டர்ல 2021க்கு முந்தின 1861 மெஷின்னா கிரவுனை இழுத்தா செகண்டு முள் நிக்காது, ரிப்பேர்னு பயப்படாதீங்க, அதோட குணமே அதுதான், 3861ல நிக்கும். எந்த வாட்ச்சா இருந்தாலும் ஓட விட்டு நிறுத்தி ரீசெட் பண்ணிப் பாருங்க, பத்து தடவை பண்ணுங்க, விக்கறவர் முறைச்சாலும் பரவால்ல. ஒவ்வொரு தடவையும் நடு முள் நேரா 12ல வந்து நிக்கணும், ஒரு முடி அளவு தள்ளி நின்னாலும் சர்வீஸ் காசை விலையில கழிச்சுட்டுத்தான் பேச்சு.