ஆர்.எஸ்.டி.: விட்ட டிரில்லை வார நாளில் ஈடுகட்டும் ஏற்பாட்டுக்கு ஒரு ரிவ்யூ

அமெரிக்க ராணுவத்தின் பகுதிநேரப் படையான ஆர்மி ரிசர்வில் இருக்கிறவர்களுக்கு மாதம் ஒரு சனி, ஞாயிறு டிரில், அதாவது பயிற்சி. அதற்கு 'பேட்டில் அசெம்பிளி' என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு நாளும் வரமுடியாது என்றால் வேறொரு நாளில் போய்க் கணக்கைத் தீர்க்கும் வழிதான் ஆர்.எஸ்.டி., அதாவது ரீஷெட்யூல்டு டிரெயினிங். மிக்சிக்கும் பிரியாணிக் கடைக்கும் பக்கம் பக்கமாக ரிவ்யூ இருக்கிறது, இதற்குத் தமிழில் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அன்றைக்குக் கிடைக்கும் வேலைக்கு நாலரை, காகிதம் நகரும் வேகத்துக்கு இரண்டு. சராசரி சரியாக வராது, மீதி என் இரக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மேவ்னி திட்டத்தில் சேர்ந்தவன், அதாவது வெளிநாட்டவரை மொழி போன்ற திறமைக்காக ராணுவத்தில் சேர்த்துக்கொண்ட திட்டம். 2009-இல் ஆள் எடுக்க ஆரம்பித்து 2016-இல் நிறுத்திய அந்தத் திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. இப்போது லாரிகள் ஓடும் ஒரு யூனிட்டில் மெக்கானிக், சார்ஜென்ட். யூனிட் பெயர் இங்கே வேண்டாம். கீழே அதைப் பற்றிக் கொஞ்சம் குறை சொல்லப்போகிறேன்.

நம்மவர்களுக்கு ஆர்.எஸ்.டி. ஏன் தேவைப்படுகிறது என்று விளக்க வேண்டியதில்லை. டிரில் தேதியைப் பட்டாலியன் குறிக்கிறது, முகூர்த்தத்தை ஜோசியர் குறிக்கிறார், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை. என் தங்கை கல்யாணம் தை மாதம் வந்தது. அந்த வார இறுதி டிரில், அதற்கு அடுத்த மாதமும் திரும்பி வருவதற்குள் டிரில். கமாண்டரிடம் முன்கூட்டியே கேட்டு இரண்டையும் ஆர்.எஸ்.டி.யாக மாற்றிக்கொண்டேன்.

'முன்கூட்டியே' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கமாண்டர் 'சரி, போய்விட்டு வா' என்று விடுப்பு மட்டும் கொடுத்தால் அது மன்னிக்கப்பட்ட வராமை. தண்டனை இல்லை, ஆனால் சம்பளமும் இல்லை, ஓய்வூதியப் புள்ளியும் இல்லை. ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டால் அனுமதியற்ற வராமை. ஆர்.எஸ்.டி. என்று எழுத்தில் ஒப்புதல் இருந்தால் இரண்டும் கிடைக்கும். வராமல் போனபிறகு ஈடுகட்ட ஈ.டி. (ஈக்விவலன்ட் டிரெயினிங்) என்று இன்னொரு வழி உண்டு, ஆனால் சம்பளத்தோடு ஒரு நிதியாண்டுக்கு நான்குதான். ஒரே ஒரு வார இறுதியில் அது காலியாகிவிடும்.

ஏனென்றால் அவர்கள் கணக்கில் ஒரு வார இறுதி என்பது இரண்டு நாள் இல்லை, நான்கு யு.டி.ஏ., அதாவது நான்கு 'யூனிட் டிரெயினிங் அசெம்பிளி'. ஒவ்வொன்றும் குறைந்தது நான்கு மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் மாத அடிப்படைச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு, ஒரு புள்ளி. வருடத்துக்கு இப்படி 48. புதிதாக வரும் பையன்கள் ஒரு டிரில் போனால் பென்ஷனே போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. ரிசர்வில் இருப்பதற்கே வருடம் 15 புள்ளி சும்மா வருகிறது, ஒரு நல்ல வருடத்துக்கு 50 போதும். அப்படி 20 வருடம் சேர்ந்தால் பொதுவாக 60 வயதில் பென்ஷன். இதில் ஒரு வார இறுதி போனால் குடி முழுகாது. பயப்பட வேண்டியது வேறு எண்ணுக்கு: 12 மாதத்துக்குள் அனுமதியற்ற வராமை ஒன்பது ஆனால் 'அன்சாட்டிஸ்ஃபாக்டரி பார்ட்டிசிபன்ட்', அதாவது ஒழுங்காகப் பங்கேற்காதவர் என்று முத்திரை குத்திவிடலாம், அதிலிருந்து வெளியேற்றம் வரை போகும். இரண்டு வார இறுதி சொல்லாமல் நின்றால் எட்டு. அப்புறம் ஒரே ஒரு காலை நேரம் மிச்சம்.

சரி, அந்த நாள் எப்படி இருக்கும்?

செவ்வாய்க்கிழமை காலை ரிசர்வ் சென்டருக்குப் போனால் ஆளே இல்லை. வார இறுதியில் நிற்க இடமில்லாத கார் பார்க்கில் நாலைந்து வண்டி. முழுநேரமாக வேலை செய்யும் இரண்டு மூன்று பேர் மட்டும் உள்ளே. ஃபார்மேஷன் இல்லை, வரிசையில் நின்று பெயர் சொல்லும் சடங்கு இல்லை, 'ஹரி அப் அண்ட் வெயிட்' இல்லை. வண்டிகள் நிற்கும் மோட்டார் பூலின் சாவியைக் கொடுத்து, எந்தெந்த வண்டி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஹம்வீ என்கிற ராணுவ ஜீப்புக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்து, டார்ச்சை டிஃபரன்ஷியல் பக்கம் அடித்தேன். கேஸ்கெட் ஓரம் ஈரமாகப் பளபளத்தது. இந்த இடத்தில்தான் வார இறுதிக்கும் வார நாளுக்கும் வித்தியாசம் தெரியும். ஆர்மி கணக்கில் கசிவு மூன்று வகை. ஈரம் தெரிகிறது, சொட்டுச் சேரவில்லை என்றால் கிளாஸ் ஒன்று. சொட்டுச் சேர்கிறது, ஆனால் விழவில்லை என்றால் இரண்டு. விழுந்தால் மூன்று, அந்த வண்டி அதற்குமேல் நகரக்கூடாது. டிரில் சனிக்கிழமையில் ஒரு வண்டியைச் சுற்றி நான்கு பேர் கிளிப்போர்டோடு நிற்பார்கள், அடுத்த ஃபார்மேஷனுக்கு நேரமாகிவிடும், பார்த்தவுடன் 'ஒன்று' என்று எழுதிவிடுவார்கள். அன்றைக்கு நான் துணியால் துடைத்துவிட்டு, பெல்ட், டயர், கூலன்ட் எல்லாம் பார்த்துவிட்டு, மறுபடியும் அடியில் போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டு எண்ணெய் திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொடாமல் காத்திருந்தேன், விழவில்லை. கிளாஸ் இரண்டு. 5988-இ படிவத்தில் அப்படியே எழுதினேன். இத்தனை வருட டிரில்லில் ஒரு கசிவுக்கு இவ்வளவு நேரம் கொடுக்க என்னை யாரும் விட்டதில்லை. நாலரை கொடுத்தது இதற்குத்தான்.

ஒரு நாளில் எட்டு மணி நேரம் வேலை செய்தால் இரண்டு யு.டி.ஏ. அதற்குமேல் ஒரே நாளில் ஏற்ற முடியாது. ஆக ஒரு வார இறுதியைத் தீர்க்க முழுசாக இரண்டு நாள் ஆகும், குறுக்கு வழி இல்லை.

சொந்த யூனிட் தொலைவு என்றால், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வேறு யூனிட்டிலும் ஆர்.எஸ்.டி. செய்ய முடியும், நம் கமாண்டரும் அங்கிருப்பவர்களும் ஒத்துக்கொண்டால். அதையும் செய்து பார்த்தேன். பெட்ரோல் மிச்சம், அவ்வளவுதான். விருந்தாளியை யாரும் வண்டிக்கு அடியில் விடமாட்டார்கள். வகுப்பறை நாற்காலியை அடுக்கச் சொன்னார்கள், அடுக்கினேன், பழைய கேபிளைச் சுற்றச் சொன்னார்கள், சுற்றினேன். புள்ளி என்னவோ அதே புள்ளிதான்.

இனி அந்த இரண்டு மதிப்பெண் விஷயம். வேலை முடிந்ததும் டி.ஏ. 1380 படிவத்தில் தேதி, நேரம், என்ன செய்தீர்கள் என்பதை எழுதி, மேற்பார்த்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது யூனிட் ஆபீசுக்குப் போய், அங்கே ஒருவர் கணினியில் ஏற்றி, அப்புறம் சம்பளம். வார இறுதி டிரில்லில் யூனிட் முழுவதற்கும் வருகைப் பட்டியல் ஒன்றாகப் போய்விடுவதால் பணம் தானாக வந்துவிடும். 1380 தனியாகப் போகிற காகிதம், யாராவது ஒருவர் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். என்னுடையது ஒன்று மேஜை மாறியது, ஒன்று திரும்பி வந்தது: 'மெயின்டனன்ஸ்' என்று எழுதினால் போதாதாம், என்ன மெயின்டனன்ஸ் என்று எழுத வேண்டுமாம். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆபீசில் இருக்கும் அம்மா கறாரானவர், ஆனால் நியாயமானவர். ஒரு ஆள் மூன்று ஆள் வேலை பார்த்தால் இப்படித்தான் இருக்கும்.

பணம் தாமதமாவதில் இன்னொரு சிக்கல் உண்டு. எஸ்.ஜி.எல்.ஐ. ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தை டிரில் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். அந்த மாதம் சம்பளம் வரவில்லை என்பதற்காகப் பிரீமியம் நிற்காது, சேர்ந்து அடுத்த சம்பளத்தில் மொத்தமாக விழும். மைபே என்கிற சம்பள இணையதளத்தில் சம்பளச் சீட்டைத் திறந்து, ஏன் இவ்வளவு குறைவு என்று திகைக்கும் தம்பிமார்கள் முதலில் அந்த வரியைப் பார்க்கவும்.

வார நாளில் போவதால் கம்பெனியில் என்ன சொல்வது என்று ஒரு நண்பர் கேட்டார். ராணுவப் பணிக்குப் போகிறவர்களின் வேலையைப் பாதுகாக்க 1994-இல் வந்த யூசெர்ரா சட்டம் டிரில்லையும் உள்ளடக்கியது. முன்னறிவிப்புக் கொடுத்தால் போக விட வேண்டும், வருடாந்தர லீவைக் கழித்துக்கொள் என்று கட்டாயப்படுத்த முடியாது. அந்த நாளுக்கு அவர்கள் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை, அது வேறு. வாயால் சொன்னாலும் செல்லும், ஆனால் நான் ஈமெயில் அனுப்பிவிடுவேன். மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதை வாடிக்கையாக வைத்துக்கொள்ளலாமா என்றால், கூடாது என்பேன். எனக்குக் கீழே நான்கு பேர் இருக்கிறார்கள். அந்த இரண்டு மாதமும் என் புள்ளி குறையவில்லை, சம்பளமும் ஒரு வழியாக வந்து சேர்ந்தது. ஆனால் அவர்களுக்கு என்னிடம் வர வேண்டிய கவுன்சலிங்கை வேறொரு சார்ஜென்ட் கொடுத்தார், அவருக்கு அந்தப் பையன்களின் பெயரே சரியாகத் தெரியாது. துப்பாக்கி ரேஞ்சும் அதில் ஒரு வார இறுதியில்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை தனியாளுக்கு ரேஞ்சைத் திறக்கமாட்டார்கள். இன்னொரு யூனிட் ரேஞ்சுக்குப் போகும்போது ஒட்டிக்கொள்ள இடம் கேட்டுத்தான் தகுதிச் சுற்றை முடித்தேன். கல்யாணம், பிரசவம், விசா நேர்முகம், இதற்கெல்லாம் தாராளமாகக் கேளுங்கள். சனிக்கிழமை தூக்கத்துக்காகக் கேட்காதீர்கள்.

கேட்பதாக இருந்தால் அக்டோபரில் நிதியாண்டு தொடங்கும்போது டிரில் அட்டவணை கைக்கு வந்ததுமே ஊர் காலண்டரோடு வைத்துப் பாருங்கள். ஒப்புதலை ஈமெயிலில் வாங்குங்கள், தாழ்வாரத்தில் தலையாட்டினால் அது கணக்கில்லை. என்ன வேலை என்று அன்றைக்கு முன்பே கேட்டு வையுங்கள், இல்லாவிட்டால் நாற்காலிதான். கையெழுத்தான 1380-ஐ அங்கேயே நின்று போட்டோ எடுங்கள். இரண்டு சம்பள நாள் தாண்டியும் வரவில்லை என்றால் அந்தப் போட்டோவோடு நேரில் போங்கள், ஈமெயிலுக்கு ஈமெயில் போட்டுக்கொண்டிருந்தால் நிதியாண்டே முடிந்துவிடும்.