மெலோடியனா, இங்கிலிஷ் கான்செர்டினாவா?

இங்கிலாந்தின் சிற்றூர் மதுக்கூடங்களில் கூடி நாட்டார் இசை வாசிக்க விரும்பும் புதியவர் பலர் இவ்விரண்டுக்கும் இடையே தயங்குகின்றனர். மெலோடியன் ஒருவகைப் பொத்தான் அக்கார்டியன்; கான்செர்டினா இரு கைகளுக்கிடையே பிடித்து வாசிக்கும் சிறு பெட்டி. இரண்டுமே துருத்திக் காற்றால் உலோக நாக்குகளை அதிரச் செய்பவை.

கற்றல்: மெலோடியனில் ஒரே பொத்தான், துருத்தியை அழுத்தும்போது ஒரு சுரத்தையும் இழுக்கும்போது பெரும்பாலும் வேறொன்றையும் தருவதால் முதலில் குழப்பும், ஆனால் அந்த இழுபறியே ஆட்டத்துக்கு வேண்டிய துள்ளலைத் தானாகக் கொடுத்துவிடும். இங்கிலிஷ் கான்செர்டினாவில் இருதிசையிலும் ஒரே சுரம்தான்; எனினும் சுரவரிசை இரு கைகளுக்கும் மாறி மாறிச் செல்வதால் பழக நாளாகும்.

சுருதி: வழக்கமான டி/ஜி மெலோடியன் அவ்விரு சுருதிகளைத் தாண்டினால் திணறும். 48 பொத்தான் கான்செர்டினா பாடுபவரின் எந்தச் சுருதிக்கும் இணங்கும்.

ஓசை: மோரிஸ் என்னும் ஆங்கில நாட்டார் ஆட்டத்தை வெட்டவெளியில் ஆட மெலோடியனின் உரத்த குரலும் இடக்கைத் தாளமும் பொருந்தும். 1899 டிசம்பர் 26 அன்று ஆக்ஸ்போர்டு அருகிலுள்ள ஹெடிங்டன் குவாரி ஊரின் மோரிஸ் ஆட்டக்காரர்களுக்காக வில்லியம் கிம்பர் வாசித்து, நாட்டார் இசை சேகரிப்பாளர் செசில் ஷார்ப்பைக் கவர்ந்தது கான்செர்டினாதானே என்று கேட்கலாம். ஆனால் அது இங்கிலிஷ் வகையல்ல, ஆங்லோ வகை; மெலோடியனைப் போலவே திசைக்கொரு சுரம் தருவது.

விலை: நல்ல கான்செர்டினாவுக்குக் கூடுதலாகச் செலவாகும்.

ஆட்டக்குழுவில் சேர்பவர் மெலோடியனையும், பாட்டுக்குத் துணை வாசிப்பவர் கான்செர்டினாவையும் வாங்கலாம்.