ஓசூரிலிருந்து ஒரு கோதுமை பீருக்கு

மியூனிக்கில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். அங்கே வைஸ்பியர் என்கிற கோதுமை பீர் நம்மூர் மோர் மாதிரி, யாரும் அதற்கு மார்க் போட்டுக்கொண்டு உட்காருவதில்லை. ஆனால் இந்த முறை ஊருக்கு வந்ததும் மச்சினன் விடவில்லை. "மாமா, பெங்களூர்ல அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊத்துறாங்க, நீங்க வந்து சொல்லுங்க அது ஒரிஜினலான்னு." வீடு ஓசூரில். டாஸ்மாக் கவுன்டரில் "கூலிங் இருக்கா?" என்பதற்கு மேல் பீரைப் பற்றிப் பேச்சே எழாத ஊர், அதனால் சரி என்று கிளம்பினேன்.

குடித்துவிட்டு வண்டி எடுக்க வேண்டாம் என்று பொம்மசந்திரா வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தடம். பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் எத்தனையோ மாலைகளைத் தொலைத்தவன் நான், அந்த நெரிசலை முதல்முறையாக மேலேயிருந்து பார்த்தபோது பழி தீர்த்த மாதிரி இருந்தது. ஆர்.வி. ரோடில் ஒரு தடவை, மெஜஸ்டிக்கில் ஒரு தடவை மாறி இந்திராநகரில் இறங்கினோம்.

கடை பெயர் வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று எஃகுத் தொட்டிகள், காது கிழியும் பாட்டு. ஹெஃபவைசன், அதாவது வடிகட்டாத அதே வைஸ்பியர், அரை லிட்டர் சொன்னேன். ஃப்ரீசரில் கிடந்த கைப்பிடி மக்கில் வந்தது, வெளியே வெள்ளையாகப் பனி பூத்திருக்க, உள்ளே ஓரத்தில் ஐஸ் துணுக்கு மிதந்தது. நுரை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் ஒன்றுமே இல்லை, குளிர் மட்டும்தான். இந்த பீரில் பாதிக்கு மேல் கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்திய கோதுமை), ஆனால் அதன் வாசமெல்லாம் ஈஸ்ட் போடுகிற கூத்து. அவ்வளவு குளிரில் அது எழுந்து வராது.

ஐஸ் வைக்காத உயரமான கிளாஸ் கிடைக்குமா என்று கேட்டேன். பரிமாறிய பையன் கிருஷ்ணகிரிப் பக்கம், "சார், எல்லாரும் சில்லுனு இல்லன்னுதான் சண்டை போடுவாங்க" என்று சிரித்தான். ஆனாலும் ஒரு கிளாஸைத் தேடியெடுத்து, தண்ணீரில் அலசி, சாய்த்துப் பிடித்து நிதானமாக ஊற்றிக் கொண்டுவந்தான். அன்றைய சேவையில் நூற்றுக்கு நூறு அவனுக்குத்தான்.

இப்போது வந்தது வாசம். கஞ்சித் தண்ணியில் மஞ்சள் கலந்த மாதிரி கலங்கிய நிறம், இரண்டு விரல் நுரை. மச்சினன் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன மாமா, ஏலக்கி வாழைப்பழத்தைக் கரைச்சு விட்ட மாதிரி இருக்கு?" என்று முகம் சுளித்தான். குறை சொல்வதாக நினைத்து அச்சு அசலான லட்சணத்தைச் சொல்லிவிட்டான்! வாழைப்பழமும் பின்னாலேயே கொஞ்சம் கிராம்பும், அதுதான் இதற்கு அடையாளம். பழமும் போடுவதில்லை, மசாலாவும் போடுவதில்லை. கிராம்பு இதில் சற்றுக் குறைவு, தொண்டையில் இறங்கும்போது கனமும் போதவில்லை, மியூனிக்கில் அது கொஞ்சம் கொழகொழவென்றே இருக்கும். 5க்கு 3.5. அந்த முதல் மக்குக்கு 2 கொடுத்தாலே அதிகம்.

17ஆம் நூற்றாண்டில், மியூனிக் இருக்கும் பவேரியாவில் கோதுமை பீர் காய்ச்சும் உரிமையை ஆண்டவர்களே தங்கள் கையில் வைத்திருந்தார்கள் என்று அவனிடம் சொன்னேன். "அப்ப அங்கயும் டாஸ்மாக்தான்" என்றான். 2003லிருந்து சில்லறை விற்பனை முழுக்க அரசு கையில் இருக்கும் ஊர்க்காரனுக்கு விளக்கவே வேண்டியதில்லை.

பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் தானாகவே ஏறியிருந்தது. 2022 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்படி அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது. மேனேஜரிடம் சொன்னதும் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். அந்தப் பணத்தைக் கிருஷ்ணகிரிப் பையன் கையில் கொடுத்தேன். என் ஜெர்மன் கார்டு இரண்டு முறை தேய்த்தும் போகவில்லை, கடைசியில் மச்சினன்தான் போனைக் காட்டிக் கட்டினான்.

திரும்பும் ரயிலில் அவன் மார்க்கைக் கேட்டேன். 5க்கு 2. "அரை லிட்டர் குடிச்சும் ஒண்ணும் ஏறலையே மாமா."